இருக்கிறவர் சட்டை

கத்தரி தன் வேலையை முடித்துவிட்டு மேசை மேல் கிடந்தபோதுதான் போன் வந்தது.

"டைலரம்மா, லிஃப்டுக்காரர் சட்டை ரெடியா? காலையிலேர்ந்து என் உயிரை வாங்கறார்."

இல்லத்திலிருந்து பெரிய சிஸ்டர். டைலரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த லிஃப்டுக்காரர் சிஸ்டர்?"

"ஜன்னலோர ரூம்ல இருக்காரே, லிஃப்ட் மெக்கானிக். நீலக் கட்டம் போட்ட சட்டை. ரொம்பத் தொளதொளன்னு இருக்கு, ரெண்டு பக்கமும் புடிக்கணும்னு அனுப்பினோமே! நாளைக்கு நினைவு நாள்ல அவர் சம்சாரம் பேரை வாசிக்கும்போது அதைத்தான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறார்."

டைலரம்மா மேசையைப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை அங்கேதான் இருந்தது. சட்டையாக இல்லை. முன்பக்கமும் முதுகும் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு, பாதிச் சதுரங்கள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டு, ஒரு தலையணை உறையின் முகமாக மல்லாந்து கிடந்தது.

"அவர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். வாய் அவளை முந்திக்கொண்டது.

"என்னம்மா கேள்வி இது? சாப்பாட்டுல உப்பு இல்லேன்னு என்கிட்ட சண்டை போட்டுட்டு உக்காந்திருக்கார். சாயங்காலம் சட்டையை எடுத்துக்கிட்டு நீங்களே உள்ள வந்துடுங்க. இன்னும் இளைச்சுட்டார். பழைய அளவு சரிவராது."

"வரேன் சிஸ்டர்" என்று சொன்னது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இல்லம் என்றால் அந்த வட்டாரத்தில் ஒரே இல்லம்தான். இனிமேல் வைத்தியம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிரித்தவர்களை வலி தெரியாமல் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம். யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. ஊர் கொடுப்பதை வைத்துத்தான் ஓடுகிறது. டைலரம்மாவின் வீட்டுக்காரர் போன வருஷம் அங்கேதான் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு தன்னால் முடிந்தது என்று இரண்டு வேலைகளை அவள் இல்லத்துக்காகச் செய்துகொடுக்கிறாள். போனவர்களுடைய உடுப்பை வெட்டி, குடும்பத்துக்கு ஒரு நினைவுத் தலையணை தைப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் நினைவு நாளில் குடும்பத்தார் அதை வாங்கிக்கொண்டு, இல்லத்துக்குத் தங்களால் ஆனதைப் போட்டுவிட்டுப் போவார்கள். இருக்கிறவர்களின் உடுப்பையும் தைத்துக் கொடுப்பாள். நோயில் உடம்பு கரையக் கரைய உடுப்பு தொங்கும். அதைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுக்க வேண்டும்.

இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைத் துணிப் பையில்தான் வரும். பையின் மேல் 'இறந்தவர்' என்று எழுத அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். போனவருடைய பையின் வாயை அவருடைய குடும்பத்தார் தங்கள் கையால் கட்டி அனுப்புவார்கள். இருக்கிறவருடைய பையை யாரும் கட்டக் கூடாது. கையெழுத்தும் இல்லை, சீட்டும் இல்லை, முடிச்சு ஒன்றுதான் அடையாளம். நீலக் கட்டம் போட்ட சட்டை வந்த பையில் முடிச்சு இருந்தது. சாதாரண முடிச்சு கூட இல்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம், கடைசியில் கத்தரியால் வெட்டித்தான் பிரித்தாள். பாவம், யாரோ மனசு ஆறாமல் இப்படி இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று உச்சுக்கொட்டவும் செய்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" ஓரம் அடிக்கும் மிஷினிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். தங்கைக்கு மிஷின் ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும்.

"உயிரோட இருக்கிறவர் சட்டையில தலையணை தைச்சுட்டேன்டீ."

தங்கை மிஷினை நிறுத்தினாள். அது அபூர்வம்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"எப்படித் தொலையும்?"

"பஸ்ல விட்டுட்டேன்னு சொல்லு. எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லு. எலிக்கு யாரு சாட்சி?" தங்கை மூச்சு விடாமல் அடுக்கினாள். "இல்லேன்னா அதே மாதிரி கட்டத்துல ஒண்ணு கடையில எடுத்துடலாம். நோயாளி மனுஷன், கண்டுபிடிச்சுடவா போறார்?"

டைலரம்மா சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பை இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, மரூன் நூலில் கையால் தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு நீளம். தைத்தவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. ஆனால் உள்ளே தனியாக ஒரு நீள அறை, ஸ்க்ரூடிரைவர் நிற்கிற அளவுக்கு. இப்படி ஒரு பை எந்தக் கடையில் கிடைக்கும்? கடை உடுப்பைப் பிரித்து, புருஷனுக்காக ஒருத்தி மல்லுக்கட்டி வைத்த பை அது. வெட்டும்போதே டைலரம்மாவுக்கு அது தெரிந்தது. அதனால்தான் பையை மட்டும் சிதைக்காமல் தலையணையின் நடுவில் வருகிற மாதிரி வைத்திருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே" என்றாள் தங்கை, குரலைத் தாழ்த்தி. "இப்படி முன்கூட்டியே வெட்டினா... அவருக்கு ஏதாவது ஆயிடுமா?"

"வாயைக் கழுவுடீ!" என்று சீறினாள் டைலரம்மா. சீறினாளே தவிர, போன் வந்த நேரத்திலிருந்து அவள் நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்ததும் அதே கேள்விதான். இன்று இரவுக்குள் அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் கத்தரிதான் காரணம் என்று காலமெல்லாம் தோன்றுமே! இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அடுத்தவர்களுக்குச் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

இன்னொரு பயமும் இருந்தது. அதை அவள் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு இல்லத்தின் முன்னறையைத் தாண்டி அவள் உள்ளே போனதே கிடையாது. பையை வாங்குவாள், பையைக் கொடுப்பாள், வாசலோடு திரும்பிவிடுவாள். இப்போது போக வேண்டியது ஜன்னலோர ரூமுக்கு. வீட்டுக்காரருடைய கட்டில் இருந்ததும் அதே ரூம்தான்.

போகாமல் இருக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் நாளைக்கு நினைவு நாள். பெண்டாட்டியின் பெயரை வாசிக்கும்போது, அவள் பை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும் என்று ஒரு மனுஷன் காத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அடுத்த வருஷத்து நினைவு நாள் கிடையாது. கொடுத்தால் நாளைக்கு, இல்லையென்றால் இல்லவே இல்லை. சட்டைத் துண்டுகளையும் தலையணை முகத்தையும் ஊசி நூலையும் எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பையின் வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

இல்லத்தின் வராந்தா நீளமானது. மருந்து வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து வந்து முகத்தில் மோதியதும் கால் பின்வாங்கியது. யாரோ சன்னமாக இருமினார்கள். ஒரு ரூமில் ரேடியோ பாடியது. தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். தரையும் அதே தரைதான், என்ன செய்வது? கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாங்கம்மா, வாங்க!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "காலமெல்லாம் மத்தவங்களை மேலே அனுப்பியே பொழப்பு நடத்தினவன் நான். இப்ப நம்ம முறை வருது. ஒரு நல்ல சட்டை வேணாமா?"

லிஃப்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பில் காதுகள் மட்டும்தான் பழைய அளவில் இருந்தன. மடியில் பூப்போட்ட ஒரு தலையணை இருந்தது. அதைப் பார்த்ததும் டைலரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தைத்ததுதான். சில மாதங்களுக்கு முன்னால் இதே இல்லத்தில் இறந்துபோன ஒரு பெண்மணியின் கவுனில் தைத்தது. இவருடைய மனைவி என்று அவளுக்கு அப்போது தெரியாது; நினைவு நாள் வரை காக்க வைக்காமல் இவரிடம் அப்போதே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"எங்க சட்டை?"

மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று. பையிலிருந்து தலையணை முகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். நடுவில் கோணலாக மரூன் நூல் போட்ட பை.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மடியில் இருந்ததையும் எதிரில் விரிந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்துவார், பெரிய சிஸ்டரைக் கூப்பிடுவார், எதையாவது எடுத்து எறிவார் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துபோனது. 

"டாக்டர் ஏதாவது சொன்னாராம்மா?"

"சார்?"

"என்கிட்ட மறைக்காதீங்க. நாளைக்குத் தாங்காதுன்னு சொல்லிட்டாங்களா? அதான் முன்னாலேயே குடுத்துட்டாங்களா?"

"ஐயோ, இல்ல சார்! சத்தியமா இல்ல! தப்பு என்னோடது!" அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்தது வராதது எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு வகைப் பை, கட்டுவது, கட்டாமல் விடுவது, பிரியாத முடிச்சு, கத்தரி எல்லாம்.

"முடிச்சா?" என்றார் அவர். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைக் கட்டினது நான்தாம்மா. பையை எடுத்துட்டுப் போக வந்த பொண்ணு ஒரு நிமிஷம் வெளிய போச்சு. வாய் திறந்து கிடந்துச்சு, இழுத்துக் கட்டிட்டேன். லிஃப்ட் குழிக்கு மேல நிக்கும்போது டூல்ஸ் பையைக் கட்டாம விட்டா கீழ இருக்கிறவன் மண்டை பொளந்துடும். அவ பையையும் நான்தான் கட்டினேன், ஆனா அப்ப அது ஞாபகம் வரல. கை தானா கட்டிடுது."

தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஒரு நிமிஷம் நிஜம்னே நினைச்சுட்டேன்மா. உசுரே போயிடுச்சு."  கையைப் பூப்போட்ட தலையணைக்கு அடியில் செருகி மறைத்துக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது. "பிரிங்க அதை! எனக்குச் சட்டைதான் வேணும். தலையணையெல்லாம் அப்புறமா சாவகாசமா தைச்சுக்கலாம்!"

"தைச்சிடறேன் சார். இங்கயே உக்காந்து தைச்சிடறேன்."

உட்கார ரூமில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. போன வருஷம் வாரக்கணக்கில் அவள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அதன் கை ஆடும் என்று உட்காரும் முன்பே அவளுக்குத் தெரிந்தது.  ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எச்சில் தொட்டுத் தொட்டு முயன்றாள். கடைசியில் கோத்துவிட்டாள். கைக்கு வேலை கிடைத்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

தலையணைக்காகப் போட்ட தையலைப் பிரித்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று கட்டத்தைப் பார்த்து அடுக்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைத்தாள். நல்லவேளை, கழுத்தும் கையும் வெட்டுப்படாமல் இருந்தன. இப்படி ஒட்டுப்போட்டால் தையலுக்குத் தையல் கொஞ்சம் துணி உள்ளே போகும். சட்டை தானாகவே சுருங்கும். இளைத்த உடம்புக்கு எப்படியும் பிடிக்க வேண்டியதுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லிஃப்டுக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை, "அந்தப் பையைத் தொடாதீங்க, கோணலாவே இருக்கட்டும்" என்று மிரட்டினார். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தபோது சட்டை மறுபடி சட்டையாகியிருந்தது.

அவரை மெதுவாக நிமிர்த்தி மாட்டிவிட்டாள். பொத்தானைப் போட்டாள்.

இத்தனை துணி உள்ளே போன பிறகும் சட்டை தொளதொளவென்றுதான் இருந்தது. தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கியது. கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். அவர் குனிந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். 

"உங்க வீட்டுக்காரரும் இந்த ரூம்லதான் இருந்தாராமே. சிஸ்டர் சொன்னாங்க" என்றார் அவர்.

"ஆமா சார்."

"பயந்தாரா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. துக்கம் கேட்க வந்த எல்லாருக்கும் கொடுத்த பதில்: தூங்கற மாதிரி போயிட்டார், ஒரு கஷ்டமும் தெரியல. கேட்டவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். இப்போதும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எதிரில் இருந்தவர் துக்கம் கேட்க வந்தவர் இல்லை.

"பயந்தார் சார். ரொம்பவே பயந்தார். லைட்டை அணைக்க விடமாட்டார். கண்ணை மூடிக்கிட்டே 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. சாகப்போகிற மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது? பெரிய சிஸ்டர் காதில் விழுந்தால் தொலைந்தோம் என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

லிஃப்டுக்காரர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா."

"சார்?"

"வர்றவங்க எல்லாம் பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னுதான் சொல்றாங்க. இங்க போனவங்க எல்லாருமே அமைதியா போனாங்களாம். அப்ப நான் ஒருத்தன்தான் கோழையான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்மா. யார்கிட்ட கேக்கறது?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் பயம் போச்சா அவருக்கு?"

"போன மாதிரி தெரியல. பயந்துக்கிட்டேதான் சிரிச்சார். பயந்துக்கிட்டேதான் என்கிட்ட சண்டையும் போட்டார். காபில சக்கரை இல்லேன்னு கடைசி வாரம்கூட என் மானத்தை வாங்கினார். எனக்கும் பயமாத்தான் சார் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. இந்த வராந்தாவுல நடந்து வர்றதுக்குள்ள நான் செத்தேன்."

"நீங்களுமா? இங்க வரிசை ஏற்கெனவே பெருசா இருக்கும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. ஒன்றை மறைக்க இன்னொன்றை விட்டாள். பிறகு குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, சட்டையின் இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்த ஆரம்பித்தாள்.

மறுநாள் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தால் அவள் எடுக்கவில்லை. தங்கை இரண்டு தடவை எடுத்துப் பேசி, "ஜிப் வைக்கணுமாம்" என்று சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. சாயங்காலம் இல்லத்துக்குப் போனால் கூடத்து வாசலில் ஒரு சக்கர நாற்காலி காலியாக நின்றது.  சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் பாத்ரூம் போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டு போனார் பெரிய சிஸ்டர். "ஏம்மா இப்படி வேர்த்துப் போயிருக்கீங்க?"

கூடம் நிறைந்திருந்தது. மருந்துக் கடைக்காரர், பஸ் டிரைவர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், போனவர்களின் பிள்ளைகள், பெண்டாட்டிகள், புருஷர்கள் எல்லாரும் வந்து இல்லத்துக்குத் தங்களால் ஆனதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பெரிய சிஸ்டர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். வீட்டார் ஒருவர் எழுந்து, போனவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வேண்டும். தங்கமான மனுஷர், யாரையும் ஒரு சொல் கடிந்ததில்லை, சிரித்த முகம் என்று நல்ல வார்த்தைகளாகவே வந்துகொண்டிருந்தன. கேட்டால், கெட்டவர்கள் யாரும் அங்கே இறந்ததே இல்லை போலிருக்கும்.

லிஃப்டுக்காரரை டைலரம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீலக் கட்டங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. இருந்தாலும் தோள் தோளில் நின்றது, பொத்தான் நடுவில் நின்றது. அவர் நெஞ்சுப் பையைத் தடவிக் காட்டினார்.

அவருடைய மனைவியின் பெயர் வந்தது. எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே சொல்லுங்கள் என்று பெரிய சிஸ்டர் சைகை காட்டினார். அவர் கேட்கவில்லை. டைலரம்மாவின் தோளை ஊன்றி, நடுங்கி நடுங்கி எழுந்து நின்றுவிட்டார்.  அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அவ இருந்திருந்தா எனக்கு இவ்வளவு பயமா இருந்திருக்காது" என்றார். "அவ்வளவுதான்."

 பயப்படாதீங்க என்று சொல்லத்தான் பெரிய சிஸ்டர் வாயெடுத்தார். சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் எதையோ தேடுகிற மாதிரி அவர் கை நீண்டது. டைலரம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து வாசித்த பெயர் அவளுடைய வீட்டுக்காரருடையது. எழுந்திருக்க வேண்டும். லிஃப்டுக்காரர் அவள் கையை விடுவதாக இல்லை. அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. தன் கையை அவர் பிடியிலேயே விட்டுவிட்டு, எழுந்து நின்றாள்.